அமிலத்துக்கு அசையாத சிவப்பு

நான் முன்பு வேலை பார்த்த திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்திலிருந்து போன மாதம் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். இருவரும் இப்போது அங்கே பரிசோதகர்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம், பழைய ஆள் ஒருத்தி எழுதினால் நன்றாக இருக்குமாம். பழைய ஆட்களில் கண்ணும் கையும் இன்னும் சொன்னபடி கேட்கிறவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்பது எனக்குத் தெரியாதா என்ன. காப்பி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

புறப்படும்போது ஒருத்தி கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் காட்டினாள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம். ஒரு பாக்டீரியாவைக் குறுக்கே வெட்டி வைத்திருந்தது. அதன் ஓரம் முழுவதும் இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவே வெளுத்த இடைவெளி. "செல்லோட சவ்வு மேடம். கொழுப்பு ரெண்டு வரிசையா நிக்குது, பாருங்க. இதையெல்லாம் உங்க காலத்துல பாத்திருக்க மாட்டீங்க அல்லே?" என்றாள்.

பார்த்ததில்லைதான். ஆனால் கேட்டிருக்கிறேன். அவள் பிறப்பதற்கு முன்பே எங்கள் டாக்டர் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பெருமை வரவில்லை. பர்வதத்தின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்களை அனுப்பிவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்தேன். எழுதுவதானால் அவளைப் பற்றித்தான் எழுத முடியும் என்று தோன்றியது. மலருக்கு இது ஏற்றதா என்பதை மலர்க்குழு பார்த்துக்கொள்ளட்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மிஷன் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். "இவளுக்கு இதெல்லாம் அருவருப்பா இல்லையே" என்று அங்கே ஒரு துரைசாணி சொன்னது எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ். யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனதால் ஊரார் என்னை நர்ஸம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு விட்டுவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் சங்கரலிங்கம் டாக்டர். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அதனால் அவர் மெதுவாகப் பேசினாலே நாங்கள் செய்த வேலையை இன்னொரு தடவை சரிபார்க்கப் போய்விடுவோம். ஸ்லைடு பார்க்கும்போது அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து மைக்ராஸ்கோப்புக்குள் அனுப்புவார். பார்ப்பார். எழுந்து வராந்தாவுக்குப் போய் எதிரே நின்ற பலாமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்வார். திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். தான் கண்டதைச் சொல்லாமல் என்னைக் கூப்பிடுவார்.

"எஸ்தரு, இங்க வாம்மா. என் மூஞ்சியப் பாக்காத. அதுல ஒண்ணும் எழுதியிருக்காது. ஸ்லைடப் பாரு."

நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவர் சொல்வார். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் அந்த ஸ்லைடு திரும்பவும் முதலிலிருந்து. இதனால் வேலை தாமதமாகிறது என்று மேலிடத்தில் புகார் உண்டு. அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

காசநோய்க் கிருமிக்குச் சாயம் ஏற்றுவதை இப்போதைய பிள்ளைகளும் செய்கிறார்கள். ஆனாலும் நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். சளியில் வெண்மையாக, தயிர்த் திப்பி போல இருக்கும் இடத்தைத் தேடிக் கம்பி வளையத்தால் எடுக்க வேண்டும். கண்ணாடியில் மெல்லப் பரத்தி, காற்றில் உலர்த்தி, தீயின் மேல் காட்ட வேண்டும். சிவப்புச் சாயத்தை அதன் மேல் குளமாக ஊற்றிக் கீழே சூடு காட்டவேண்டும். ஆவி எழலாம், கொதிக்கக் கூடாது. பிறகு கழுவி, அமிலம். அமிலம் பட்டதும் சளியிலிருக்கும் மற்ற எல்லாக் கிருமிகளும் சிவப்பை விட்டுவிடும். காசக் கிருமி மட்டும் விடாது. அமிலத்துக்குப் பிறகு ஸ்பிரிட். அதற்கும் விடாது. கடைசியில் நீலச் சாயம். நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள் தெரிந்தால் அந்த வீட்டில் அன்று அழுகைதான்.

ஏன் விடாது என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். டாக்டர் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

"பிராமணருக்கு இலவசமாச் சோறு போடுற ஊட்டுப்புரையில பந்தி பாத்திருக்கியா? உன்னை உள்ள விடமாட்டாங்க. இருந்தாலும் வெளிய நின்னு பாத்திருப்ப. ரெண்டு வரிசை, முதுகோட முதுகு ஒட்டி உக்காருவாங்க. முகம் ரெண்டு பக்கமும் வெளிய பாக்கும். கொழுப்பும் அப்படித்தான். ஒரு பக்கம் தலை, அதுக்குத் தண்ணி பிடிக்கும். மறுபக்கம் வாலு, அதுக்குத் தண்ணி ஆகாது. வாலும் வாலும் உள்ள ஒட்டிக்கிடும். ரத்த அணுவோட தோலு அப்படித்தான்னு சீமையில கண்டிருக்காங்க. கிருமிக்கும் அப்படித்தான் இருக்கணும்னு நான் நினைக்கேன். காசக் கிருமிக்கு மட்டும் அதுக்கும் வெளிய மெழுகுல ஒரு சட்டை. சூடு காட்டினா மெழுகு இளகி சாயம் உள்ள போகும். ஆறினா கதவு சாத்திக்கிடும்."

அந்த மெழுகு எப்படி அடுக்கியிருக்கும் என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன் இங்க சளி பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அன்று இருவரும் சிரித்தோம்.

யுத்தம் வந்தது. எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எக்ஸ்-ரே ஃபிலிம் கண்ணால் காணமுடியாது. ஸ்பிரிட்டுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது சாயம் கரைக்கவே பற்றவில்லை. ஸ்பிரிட் விளக்குக்குப் பதில் தேங்காயெண்ணெய் விளக்கு வைத்தோம். அது கண்ணாடியின் அடியில் கரி பிடித்து, ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து என் விரல் நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. ஒரு நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இனிச் சளிக்கு அமிலத்தோடு நிறுத்திவிடலாம், ஸ்பிரிட் கழுவல் வேண்டாம் என்றார். அவர் சோம்பேறித்தனத்தில் சொல்லவில்லை. மூத்திரத்தில் வேறு மெழுகுக் கிருமிகள் இருக்கும், அதற்கு ஸ்பிரிட் கட்டாயம். சளிக்கு அமிலமே போதும் என்று புத்தகங்களிலேயே இருந்தது. மிச்சமாகும் ஸ்பிரிட் அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் போகட்டும் என்றார். அங்கே புண் கழுவ இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் பர்வதத்தின் சளி வந்தது.

பர்வதம் கோட்டைக்குள் ஒரு அக்ரஹாரத் தெருவில் இருந்தாள். இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். கணவன் வைத்தியநாதன் சர்க்கார் ஆபீசில் கிளார்க். முதல் குழந்தை, பெண், பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிரசவத்துக்குப் பிறகு பர்வதத்துக்கு வறட்டு இருமல் பிடித்து விடவில்லை. உடம்பு இளைத்தது. சாயங்காலத்தில் காய்ச்சல். அவளுடைய அக்காள் காசத்தில் இறந்தவள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. வைத்தியநாதன்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றான்.

"கொழந்தை பால் குடிக்கறது சார். அதனாலேதான் கேக்கறேன். இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்கோ" என்றான்.

சளி எடுக்கும் டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொல்லைப்பக்கமாகத்தான் போகவேண்டும். பர்வதம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். காலையில் எழுந்ததும், ஒன்றும் சாப்பிடாமல், ஆழமாக இருமித் துப்பவேண்டும், எச்சில் வேண்டாம், சளிதான் வேண்டும் என்று சொன்னேன். அவள் அதை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரியாக இருந்திருப்பாள். "சளியே வரதில்லையே நர்ஸம்மா, வெறும் இருமல்னா இது" என்றாள். முயற்சி செய்து பார் என்றேன். குழந்தை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. சற்று நேரம் விடவேயில்லை.

மறுநாள் சளி வந்தது. இரண்டு ஸ்லைடு எடுத்தோம், ஒன்றுக்குச் சாயம் ஏற்றி மற்றதைச் சும்மா வைத்தோம். அதுவும் டாக்டரின் வழக்கம். அவர் பார்த்தார். வராந்தாவுக்குப் போனார். வந்தார், பார்த்தார், மறுபடி வராந்தாவுக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார். சிவப்புக் கோடுகள் இருந்தன. அதிகமில்லை, ஓரிடத்தில் கொத்தாகச் சில. வழக்கமாகப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தன.

"இருக்கு சார். ஆனா கொஞ்சம் குண்டா இருக்கே" என்றேன்.

"எனக்கும் அதான்" என்றார். ஸ்லைடை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு மிக மெதுவாகப் பேசினார். "எஸ்தரு, இல்லைன்னு சொல்லி அது இருந்துட்டா, அந்தப் பச்சப்பிள்ளை போயிரும். இருக்குன்னு சொல்லி இல்லாமப் போனா, கொஞ்ச நாள் பிரிஞ்சிருப்பாங்க, அவ்வளவுதானே. பன்னிக்கு ஊசி போட்டு வைப்போம். அது சொல்லட்டும்."

கொல்லையில் கினிப் பன்றிகள் வளர்த்தோம். சந்தேகமான சளியைச் சுத்தம் செய்து பன்றியின் தொடையில் ஊசியாகப் போடுவோம். காசக் கிருமி என்றால் நெறிகட்டி, உடம்பு வற்றி, ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். ஆறு வாரம் பெரிய விஷயமாக அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

வைத்தியநாதனிடம் டாக்டரே பேசினார். குழந்தையை உடனே பிரிக்கவேண்டும், ஒரு வேளை பால்கூட வேண்டாம் என்றார். வைத்தியநாதன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அன்று சாயங்காலமே கரமனையில் இருந்த அவனுடைய அக்காள் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோனார்கள். பர்வதத்தைக் கொல்லைப்பக்கத்து அறையில் தனியாக வைத்தார்கள். தட்டு தனி, டம்ளர் தனி. டின் பால் யுத்தத்தில் எங்கே கிடைக்கும். சாலை பஜாரில் வைத்தியநாதன் ஏறி இறங்காத கடை இல்லை. பசும்பாலைத் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார்கள்.

பன்றி ஒவ்வொரு வாரமும் எடை கூடியது. நான் தினமும் அதன் தொடையைத் தடவிப் பார்ப்பேன். நெறி இல்லை. டாக்டர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்காமல் இருந்ததில்லை. அது கொழுக்கக் கொழுக்க அவர் மெலிந்தார்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது என்ற செய்தி முதலில் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் இருந்தது. இறந்துவிட்டது. பன்றியின் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. டாக்டர் காத்திருக்கவில்லை. பன்றியைக் கொன்று அறுத்துப் பார்த்தார். நெறி சுத்தம், மண்ணீரல் சுத்தம், ஈரல் சுத்தம். இன்னும் நாள் கழித்தால் தெரியுமோ என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இதுக்குள்ள நெறியாவது கட்டியிருக்கும்மா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு, "அந்தப் பொண்ணு அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டான்னு கேட்டுட்டு வா" என்றார்.

எப்படிப் போய்க் கேட்பது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன சாப்பிட்டாய் என்றா கேட்பது. ஆனாலும் போனேன். அறை வாசலில் நின்றேன். பர்வதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருமல் குறைந்திருந்தது, காய்ச்சலும் விட்டிருந்தது. ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். அப்புறம் யோசித்துச் சொன்னாள்.

"சாப்பிடலை நர்ஸம்மா. மருந்துதான். சளி வரவே இல்லை, நீங்க டப்பாவை வாங்க வந்துடுவேளேன்னு பயமா இருந்தது. வெண்ணெயிலே கல்கண்டும் மெளகும் பொடிச்சுப் போட்டு முழுங்கினேன். தொண்டை எளகி, சளி வந்தது. மருந்து சாப்பாட்டிலே சேத்தியில்லையே."

அவள் சொன்னது சரிதான். அந்த வீடுகளில் அது மருந்துதான். வெண்ணெயைத் தண்ணீர்ப் பானையில் போட்டு நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

டாக்டர் தன் கையாலேயே எல்லாவற்றையும் செய்தார். வெண்ணெயைத் தேய்த்த ஸ்லைடில் சாயம், சூடு, அமிலம். பார்த்தால் சிவப்புக் கோடுகள், கொஞ்சம் தடிமனாக. இன்னொன்றில் அமிலத்துக்குப் பிறகு ஸ்பிரிட் விட்டார். அந்த ஸ்பிரிட்டை அவரே அறுவை வார்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்திருந்தார். சிவப்பு போய்விட்டது. கடைசியாகச் சும்மா வைத்திருந்த பர்வதத்தின் ஸ்லைடை எடுத்தார். அதற்கும் சாயம் ஏற்றி, அமிலத்துக்குப் பிறகு ஸ்பிரிட் விட்டார். என்னைப் பார்க்கச் சொன்னார். எங்கும் நீலம்தான். ஒரு சிவப்புக்கூட இல்லை.

வெண்ணெயிலும் புல்லிலும் தண்ணீர்க் குழாயிலும்கூட மெழுகுச் சட்டை போட்ட கிருமிகள் உண்டு. யாரையும் ஒன்றும் செய்யாதவை. அவற்றின் மெழுகு அமிலத்தைத் தாங்கும், பெரும்பாலும் ஸ்பிரிட்டைத் தாங்காது. காசக் கிருமியின் மெழுகு இறுக்கிப் பின்னியது, இவற்றினுடையது தளர்வானது என்று டாக்டர் சொன்னார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே சிவப்புத்தான். போன மாதம் வந்த பெண் காட்டிய படத்தில் நான் இதைத்தான் தேடினேன். கொழுப்பு எந்த வரிசையில் நிற்கிறது என்பது யாரோ படிப்பாளிகளுக்கான சங்கதி என்று மலர்க்குழுவினர் நினைக்கலாம். எனக்கு அப்படி நினைக்க முடியாது.

மறுநாளே சளிக்கு ஸ்பிரிட் கழுவல் திரும்ப வந்தது. ஸ்பிரிட் இல்லாத நாட்களில் ஸ்லைடு பார்ப்பதில்லை என்று டாக்டர் உத்தரவு போட்டார். மேலிடத்தில் கேட்டதற்கு, வேண்டுமானால் என்னை மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அதற்கு முன்பு அவர் மேல் எனக்கிருந்த மரியாதை அதற்குப் பிறகும் குறையவில்லை. ஆனால் கோபம் இருந்தது. அவ்வளவு தடவை வராந்தாவுக்குப் போய் வந்தவர், அந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டும் ஸ்பிரிட் கேட்டு வாங்கியிருக்கலாமே. இதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பர்வதத்திடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. கணவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றார் உதவி டாக்டர். சங்கரலிங்கம் டாக்டர் சட்டையை மாற்றிக்கொண்டு, "வா எஸ்தரு" என்றார்.

பர்வதத்தின் வீட்டில் டாக்டரை முன்கூடத்தில் உட்கார வைத்தார்கள். நான் கூடத்தின் நடைப்பக்கமாக நின்றேன். பர்வதத்தைக் கூப்பிட்டார்கள். அவள் கூடத்துக்குள் வராமல் கதவோரமாக நின்றாள். தன் மூச்சு யார்மேலும் பட்டுவிடக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தெருவில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். தாய்ப்பால் வழியாக நோய் போய்க் குழந்தையைக் கொன்றுவிட்டது என்றார்கள். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுந்து நின்று சொன்னார். "அம்மா, உனக்கு அந்த நோய் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. நாங்க பாத்தது வெண்ணெயில இருக்கிற வேற கிருமி. இருக்குன்னு சொன்னது நான். தப்பு என்னுது."

வைத்தியநாதன் கைகூப்பினான். பகவான் காப்பாற்றினார் என்றோ என்னவோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பர்வதம் முந்தானையை எடுக்கவில்லை. "அப்போ என் பாலாலே ஒண்ணும் ஆகலை" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை."

"நான் குடுத்துண்டே இருந்திருக்கலாமா?"

"குடுத்திருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

அவள் முந்தானையை மெல்ல இறக்கினாள். அழவில்லை. யாரிடமும் குறை சொல்கிற மாதிரியும் பேசவில்லை. டாக்டரைவிட்டு என் பக்கம் திரும்பி, பெண்பிள்ளைக்குத்தான் இது புரியும் என்பதுபோலச் சொன்னாள்.

"கொழந்தையைக் கொண்டுபோனப்புறம் பால் நிக்கவே மாட்டேன்னுது நர்ஸம்மா. புடவையெல்லாம் நனைஞ்சு போறது. கரமனையிலே அதுக்குப் பசிக்கற நேரம் நேக்கு இங்கே தெரியும், மாரு கட்டிண்டு வலிக்கும். மல்லிப்பூவை வெச்சுக் கட்டினா வத்திடும்னா. தினம் பூ வாங்கிண்டு வரச் சொல்லிக் கட்டிண்டேன். அப்புறமும் நின்னுதா, இல்லை. இன்னும் பூ வாங்கிண்டு வாங்கோ, இன்னும் வாங்கிண்டு வாங்கோன்னு நான்தான் சொன்னேன். கடைசியிலே வத்திப் போச்சு. நானேதான் நிறுத்தினேன்."